பைக்குக்கு ரீகால் வந்திருக்கு, ஆனா போன் உங்களுக்கு வராது

(எபிசோடிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

பொத்தேரியில காலேஜ் வாசல்ல நிக்கிற பைக்குகள்ல நிறைய வண்டி கை மாறி வந்தது. படிப்பு முடிச்ச சீனியர் ஊருக்குக் கிளம்பும்போது ஜூனியருக்கு வித்துட்டுப் போவார். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் இன்னொருத்தருக்கு. வண்டி மூணாவது கைக்கு வந்திருக்கும், கம்பெனி கணக்குல மட்டும் முதல் ஓனரோட போன் நம்பர்தான் இருக்கும். வண்டியில ஆபத்தான குறை இருக்குன்னு கம்பெனி சொல்ல நினைச்சா, அந்த நம்பருக்குத்தான் சொல்லும். இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறேன்.

ரீகால்னா என்ன?

வித்து முடிச்ச வண்டிகள்ல பாதுகாப்பைப் பாதிக்கிற குறை இருக்குன்னு தெரிஞ்சா, அந்தக் காலகட்டத்துல செஞ்ச வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்பக் கூப்பிட்டு, காசு வாங்காம சரிசெஞ்சு தர்றதுதான் ரீகால். இது ஆஃபரும் இல்ல, ஃப்ரீ சர்வீஸ் கேம்ப்பும் இல்ல.

நமக்குப் பக்கத்துலயே உதாரணம் இருக்கு. ஒரகடத்துலயும் வல்லம் வடகாலிலயும் தொழிற்சாலை வெச்சிருக்கிற ராயல் என்ஃபீல்டு, 2021 மே மாசம் 2,36,966 பைக்குகளை ரீகால் பண்ணுச்சு. 2020 டிசம்பர்ல இருந்து 2021 ஏப்ரல் வரைக்கும் செஞ்ச மீட்டியார், 2021 ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் செஞ்ச கிளாசிக், புல்லட். குறை இக்னிஷன் காயில்ல. பேட்டரியோட 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டா ஏத்தி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புற பாகம் அது. அதுல கோளாறு வந்தா இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகும், வண்டி இழுக்காது, அபூர்வமா ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. 10 சதவீதத்துக்கும் குறைவான வண்டிக்குத்தான் பாகம் மாத்த வேண்டி வரும்னு கம்பெனியே சொன்னது. அப்புறம் எதுக்கு எல்லா வண்டியையும் கூப்பிடணும்? எந்த வண்டியில குறை இருக்குன்னு வெளியில இருந்து பார்த்தா தெரியாது, அதனாலதான். "நல்லாத்தானே ஓடுது"ங்கிறது பதில் ஆகாது.

அதே வருஷம் டிசம்பர்ல இன்னொரு ரீகால். இந்த முறை 26,300 கிளாசிக் 350. பின் சக்கரத்துல டிரம் பிரேக் இருக்கிற மாடல். பிரேக் அடிக்கும்போது வர்ற விசையைத் தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட், சில சூழ்நிலையில பெடலை ரொம்ப அழுத்தினா சேதமாகலாம்னு கண்டுபிடிச்சாங்க. சத்தம் வரும், பிரேக் பிடிக்கிறது குறையலாம். ஜிஎஸ்டி ரோட்டுல லாரிக்குப் பின்னாடி போறவங்களுக்கு இதோட அர்த்தம் தெரியும்.

எலெக்ட்ரிக் வண்டியும் விதிவிலக்கு இல்ல. 2022 மார்ச்ல புனேயில ஒரு ஓலா ஸ்கூட்டர் தீப்பிடிச்சது. அடுத்த மாசமே அந்த பேட்ச்ல இருந்த 1,441 ஸ்கூட்டர்களைச் சோதனைக்குக் கூப்பிட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

2012-ல வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் கொண்டு வந்த விதிமுறைப்படி, ரீகால் கம்பெனிகளோட விருப்பம்தான். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 110ஏ பிரிவைச் சேர்த்தாங்க, அதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்துச்சு. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளை ரீகால் பண்ணச் சொல்லி இப்போ மத்திய அரசு உத்தரவு போடலாம், 1 கோடி ரூபாய் வரைக்கும் அபராதமும் விதிக்கலாம். கம்பெனியே முன்வந்து ரீகால் பண்ணினா அந்த அபராதம் கிடையாது. குறையை மறைக்காம இருக்கட்டும்னுதான் இந்தச் சலுகை.

அமெரிக்காவுல வேட்டைத் துப்பாக்கிக்கு இந்த ஏற்பாடு கூட கிடையாது. அங்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோட அதிகாரத்துக்குள்ள துப்பாக்கி வராது. 2014-ல ரெமிங்டன் 700 ரைஃபிள்களைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டது. ட்ரிக்கரைத் தொடாமலே சுட்டுடலாம்ங்கிற குறை. 2006-ல இருந்து 2014 வரைக்கும் செஞ்ச துப்பாக்கிகள் அதுல அடக்கம். அதுவும் கை மாறி விக்கிற பொருள்தான். யார்கிட்ட இருக்குன்னு சொல்ல நாடு முழுக்கப் பொதுவான பதிவேடு இல்ல. அதனால அறிவிப்பு ரொம்ப எளிமையா இருந்துச்சு: உடனே பயன்படுத்துறதை நிறுத்து, சீரியல் நம்பரைச் சரிபாரு, எங்க செலவுல அனுப்பு.

பைக்குக்கும் இதே வரிசைதான். சீரியல் நம்பருக்குப் பதிலா சேசிஸ் நம்பர்.

நீங்க என்ன பண்ணணும்?

ஒண்ணு: ஆர்சியை எடுங்க. சேசிஸ் நம்பரும், வண்டி செஞ்ச மாசம், வருஷமும் அதுல இருக்கும். வண்டியில ஹேண்டில்பாருக்குக் கீழ ஃபிரேம்ல அடிச்சிருக்கிற நம்பரும் அதுவும் ஒண்ணான்னு பாருங்க.

ரெண்டு: கம்பெனியோட வெப்சைட்லயோ, வாடிக்கையாளர் எண்லயோ, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்லயோ அந்த நம்பரைக் கொடுத்து, "இதுக்கு ரீகால் நிலுவையில இருக்கா?"ன்னு கேளுங்க. வெறும் "சர்வீஸ் இருக்கா?"ன்னு கேட்டா வேற பதில்தான் வரும். தெருமுனை மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் இந்தப் பட்டியல் அவர்கிட்ட இருக்காது.

மூணு: இருக்குன்னு சொன்னா, "அது வரைக்கும் ஓட்டலாமா?"ன்னு அடுத்த கேள்வி. பிரேக், தீ சம்பந்தப்பட்டதா இருந்தா வண்டியை நிறுத்திட்டு, எடுத்துட்டுப் போக ஏற்பாடு பண்ணச் சொல்லிக் கேளுங்க.

நாலு: வேலை முடிஞ்சதும் ரீகால் வேலைன்னு எழுதின ஜாப் கார்டு வாங்குங்க. பில்லுல அந்தப் பாகத்துக்கோ கூலிக்கோ தொகை இருந்தா கையெழுத்துப் போடாம கேளுங்க. வாரண்டி முடிஞ்சிடுச்சுன்னு சொன்னா, ரீகாலுக்கும் வாரண்டிக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லுங்க.

அஞ்சு: உங்க போன் நம்பரைக் கம்பெனி கணக்குல சேர்க்கச் சொல்லுங்க. ஆர்டிஓ-வில படிவம் 29, 30 கொடுத்துப் பேர் மாத்தினாலும், கம்பெனி கணக்கு தானா மாறிடும்னு நம்பி இருக்காதீங்க. ரெண்டும் வேற வேற வேலை.

ரீகால் வராமலே ஒரே மாடல்ல ஒரே கோளாறு பல பேருக்கு வருதா? பரிவாகன் தளத்துல வாகன ரீகால் புகாருக்குன்னு தனிப் பகுதி இருக்கு. அரசு உத்தரவு போடறதுக்கு ஓனர்கள் கொடுக்கிற புகாரோட எண்ணிக்கையும் ஒரு காரணம். குரூப்ல திட்டுறது அந்தக் கணக்குல சேராது.

கடைசியா, இந்த வருஷம் படிப்பு முடிச்சு வண்டியை விக்கப் போறவங்களுக்கு. சாவியோட அந்த ஜாப் கார்டையும் கொடுங்க. பழைய நம்பருக்குக் கம்பெனியில இருந்து மெசேஜ் வந்தா, வாங்கினவங்களுக்கு ஃபார்வேர்டு பண்ணுங்க. அந்த வண்டியில இப்போ உங்க ஜூனியர் உக்காந்திருக்கார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.