பறக்கும் படகுகளுக்கு ஓர் இசை

'கோஸ்டல் கமாண்ட்' 1942இல் வெளியான பிரிட்டிஷ் ஆவணப்படம். கடலோரக் காவலில் ஈடுபட்ட விமானப்படைப் பிரிவைப் பற்றியது. ஜே. பி. ஹோம்ஸ் இயக்கினார், பிரிட்டிஷ் அரசின் தகவல் அமைச்சகத்தின் கீழ் இயங்கிய கிரவுன் ஃபிலிம் யூனிட் தயாரித்தது. தொழில்முறை நடிகர் ஒருவரும் கிடையாது. விமானிகளும் கடற்படையினரும் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகாட்டினார்கள். இதற்கு முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கான இசையை எழுதியவர், அன்றைய இங்கிலாந்தின் முதுபெரும் இசையமைப்பாளர் ரேஃப் வாகன் வில்லியம்ஸ். 1872இல் பிறந்த அவர் அந்த ஆண்டில் எழுபது வயதை எட்டினார். சினிமாவில் அவருக்கு இது இரண்டாவது படம். முதல் படமான '49த் பேரலல்' முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது.

விமானம் பற்றிய ஆவணப்படத்துக்கு எப்படி இசை எழுதலாம் என்று கேட்பவருக்கு இன்றும் இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. இந்த இசை இன்ஜினோடு போட்டி போடவில்லை. இன்ஜின் சத்தத்தால் சொல்ல முடியாத தூரத்தையும் பொறுமையையும் காத்திருப்பையும் அது சொன்னது.

இரைச்சல் என்னும் எதிரி

படத்தின் நாயகன் ஒரு விமானம்: 'டி ஃபார் டாமி' என்ற அடையாளம் கொண்ட சண்டர்லேண்ட் பறக்கும் படகு. நான்கு இன்ஜின்கள், சுமார் 34 மீட்டர் அகலத்துக்கு விரிந்த இறக்கைகள், படகு போன்ற அடிப்பாகம். ஓடுதளம் வேண்டியதில்லை, நீர்ப்பரப்பிலிருந்தே எழும், நீர்ப்பரப்பிலேயே இறங்கும். அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் பறந்து, ஜெர்மானிய நீர்மூழ்கிகளைத் தேடுவது அதன் வேலை. ஒருமுறை கிளம்பினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானிலேயே இருக்கும். அதில் பெரும்பகுதி நேரம் எதுவும் நடக்காது. கீழே கடல், மேலே மேகம், இடையில் நான்கு இன்ஜின்களின் ஓயாத முழக்கம்.

இசையமைப்பாளருக்கு இந்த முழக்கம்தான் முதல் சிக்கல். பிஸ்டன் இன்ஜினும் புரொப்பல்லரும் எழுப்பும் ஒலியின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால், அதே எல்லையில் உள்ள மற்ற ஒலிகளையும் அதற்குச் சற்று மேலே உள்ளவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும். திருமுருகன்பூண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்குள் நிட்டிங் மெஷின்கள் ஓடும் நேரத்தில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் இது புரியும்: பேஸ் கிடாரும் மிருதங்கத்தின் தொப்பியும் முதலில் காணாமல் போகும், புல்லாங்குழலும் உச்ச ஸ்தாயியில் பாடும் குரலும் தப்பித்து வந்து காதில் விழும். விமானக் காட்சியிலும் செல்லோ, டபுள் பேஸ், டிராம்போன் போன்ற கனத்த கருவிகள் இன்ஜின் சத்தத்தில் கரைந்துபோகும்.

அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் இதை இன்னும் கடினமாக்கியது. பேச்சு, இன்ஜின், அலை, இசை எல்லாமே படச்சுருளின் ஓரத்தில் அச்சான ஒரே ஒரு குறுகலான ஒலிப்பட்டைக்குள் அடங்கியாக வேண்டும். மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையே அந்தப் பட்டை தாங்கும் வித்தியாசம் குறைவு. இரண்டு பலத்த ஒலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினால் கேட்பவருக்கு மிஞ்சுவது சத்தம் மட்டுமே.

எனவே விமானப்படத்துக்கு எழுதுபவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு. இன்ஜினுக்கு மேலே உள்ள எல்லையில் வயலினையும் மரக்காற்றுக் கருவிகளையும் வைத்து எழுதலாம். இன்ஜின் சத்தம் வரும் இடத்தில் இசை ஒதுங்கி நிற்கலாம். அல்லது இன்ஜின் சத்தத்தைத் தாழ்த்திவிட்டு, அந்த இடத்தை இசையிடம் ஒப்படைக்கலாம். மூன்றாவது வழிக்கு இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் மனம் வைக்க வேண்டும்.

அடியும் நொடியும்

இரண்டாவது சிக்கல் கால அளவு. 35 மில்லிமீட்டர் படச்சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுகிறது. ஓர் அடி நீளத்தில் 16 சட்டங்கள். ஆகவே நொடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. அந்தக் காலத்து இசையமைப்பாளருக்குக் கிடைத்த குறிப்புத்தாளில் ஒவ்வொரு நிகழ்வும் இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும்: எத்தனையாவது நொடியில் விமானம் நீரைவிட்டு எழுகிறது, எத்தனையாவது நொடியில் கரை மறைகிறது என்று.

ஒரு புறப்பாட்டுக் காட்சி 60 அடி நீளம் என்று கொள்வோம். அது 40 நொடி ஓடும். நிமிடத்துக்கு 72 தட்டு என்ற வேகத்தில் இசை நடந்தால் 48 தட்டுகள். நான்கு தட்டுக் கணக்கில் சரியாக 12 பார். இதன் பிறகு எடிட்டர் நான்கு நொடியை வெட்டினால், மிச்சமுள்ள 36 நொடிக்குள் 43 தட்டுகளும் கொஞ்சமும் மட்டுமே அடங்கும். மெட்டு முடிவதற்குள் காட்சி முடிந்துவிடும். அந்த 12 பாரையும் காப்பாற்ற வேண்டுமானால் வேகத்தை 80ஆகக் கூட்டியாக வேண்டும். நிதானமாக எழ வேண்டிய விமானம் அவசரப்பட்டு எழுவதுபோல் அப்போது தோன்றும். வெட்டியது நான்கே நொடிதான், ஆனால் இசையின் குணமே மாறிவிடுகிறது.

இரண்டு பாணிகள்

திரைப்பட இசையைப் பற்றி எழுதிய கட்டுரையில் வாகன் வில்லியம்ஸ் இரண்டு முறைகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, திரையில் நடக்கும் ஒவ்வோர் அசைவுக்கும் சொல்லுக்கும் இசையில் ஒரு புள்ளி வைப்பது. மற்றொன்று, சின்னச் சின்ன அசைவுகளைப் பொருட்படுத்தாமல், காட்சி முழுவதன் உணர்வையும் ஒரே தொடர்ந்த ஓட்டமாகப் பிடிப்பது. அவர் விரும்பியது இரண்டாவது முறையை. இசையமைப்பாளரைக் கடைசியில் கூப்பிடக் கூடாது, படம் உருவாகும்போதே இயக்குநரோடும் கதாசிரியரோடும் அவர் உட்கார வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அதே நேரத்தில் நொடிக்கணக்குக்குக் கட்டுப்பட்டு எழுதுவது இளம் இசையமைப்பாளர்களுக்கு மிகச் சிறந்த பயிற்சி என்றும் அவர் கருதினார்.

'கோஸ்டல் கமாண்ட்' இந்த இரண்டாவது முறைக்கு நல்ல சான்று. பிற்காலத்தில் கச்சேரிக்காகத் தொகுக்கப்பட்ட பகுதிகளின் தலைப்புகளே அதைக் காட்டுகின்றன: முகப்பிசை, ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுத் தளம், இரவில் புறப்பாடு, ஐஸ்லாந்திலிருந்து ஹட்சன் விமானங்கள் எழுதல், விடியற்காலைக் காவல், பியூஃபோர்ட் விமானங்களின் தாக்குதல், நீர்மூழ்கி எச்சரிக்கை, நிறைவு. ஒவ்வொன்றும் ஓர் இடத்தையோ, ஒரு வேளையையோ, ஒரு மனநிலையையோ மையமாகக் கொண்டது. விடியற்காலைக் காவலுக்கு 'அமைதியான உறுதி' என்று ஒரு துணைத் தலைப்பும் உண்டு. பல மணி நேரம் ஒன்றும் நடக்காத கடலை உற்றுப் பார்த்தபடி இருக்கும் மனிதர்களின் நிலை அது. கேமராவில் அது வெறும் முகமாகவும் வெறும் கடலாகவும்தான் பதியும். அந்த வெறுமைக்குள் இருக்கும் விழிப்பைச் சொல்ல மெதுவாக நகரும் இசையால் முடிகிறது.

ஹெப்ரிடீஸ் இசைப்பகுதியில் அவருடைய வாழ்நாள் உழைப்பு ஒன்று கைகொடுத்தது. 1903 முதல் இங்கிலாந்தின் கிராமங்களில் சுற்றி, 800க்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர் அவர். தீவும் மூடுபனியும் வரும் இடத்தில் நாட்டுப்பாடல் மெட்டுகளோடு உறவுள்ள ஓர் இசையை அவரால் இயல்பாகவே எழுத முடிந்தது. தாக்குதல் காட்சிகளுக்குப் பித்தளைக் கருவிகளும் வேகமான தாளமும் வந்தாலும், அவையும் போர்முழக்கமாகத் தேங்கி நிற்காமல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடுகின்றன.

படத்தை வெட்டி இசையைக் காத்தவர்கள்

இசையை நடத்தியவர் மியூர் மாத்தீசன். அன்றைய பிரிட்டிஷ் சினிமாவின் முக்கியமான இசை இயக்குநர். வாகன் வில்லியம்ஸைத் திரையுலகுக்கு அழைத்து வந்தவரும் அவரே. வாசித்தது பிரிட்டிஷ் விமானப்படையின் ஆர்க்கெஸ்ட்ரா. போர்க்காலக் கட்டாயச் சேவையில் வந்து சேர்ந்த நாட்டின் தேர்ந்த இசைக்கலைஞர்கள் பலர் அந்தப் படையின் இசைக்குழுக்களில் இருந்தார்கள். புகழ்பெற்ற ஹார்ன் கலைஞர் டென்னிஸ் பிரெய்ன் அங்கே பணியாற்றியவர். விமானப்படையினர் பறந்த படத்துக்கு, விமானப்படைச் சீருடை அணிந்தவர்களே வாசித்தார்கள்.

கிரவுன் யூனிட்டின் ஒலிப்பதிவாளர் கென் கேமரன் பிற்காலத்தில் ஆவணப்பட ஒலியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்தப் பதிவைப் பற்றி அவர் தரும் செய்தி அரியது. இசை காட்சியைவிடச் சற்று நீண்டோ குறைந்தோ போன சில இடங்களில் இசையில் யாரும் கை வைக்கவில்லை; படத்தைத்தான் திருத்தினார்கள். பொதுவாக ரீரெக்கார்டிங்கில் காட்சி எஜமானன், இசை அதற்குப் பணியும். இங்கே ஆவணப்படக்காரர்கள் அந்த வரிசையை மாற்றிக்கொண்டதால்தான், 12 பார் இசை 12 பாராகவே திரைக்கு வந்தது.

அதே விமானங்கள், நம் ஏரிகள்

இந்தப் படத்தில் வரும் விமானங்கள் அட்லாண்டிக்கோடு நின்றுவிடவில்லை. படத்தில் எதிரிக் கப்பலைப் பின்தொடரும் கேட்டலினா பறக்கும் படகு, அதே 1942இல் இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கல ஏரியிலிருந்தும் பறந்தது. ஏப்ரல் 4ஆம் தேதி, கனடிய விமானப்படையின் 413ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லியனார்ட் பர்ச்சால் தன் கேட்டலினாவில் காவல் பறந்தபோது, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படைத் தொகுதியைக் கண்டு செய்தி அனுப்பினார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பின் மீதும் ஏப்ரல் 9ஆம் தேதி திருகோணமலை மீதும் குண்டுகள் விழுந்தன. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்ததற்கு அவரே காரணம்.

சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியிலும் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் நின்றன. அங்கிருந்து கிளம்பி வங்கக் கடல் மேல் காவல் பறந்தன. கோவையில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்புத் தளம் இயங்கியது. ஹெப்ரிடீஸ் தளத்துக்கு ஓர் இசைப்பகுதி எழுதப்பட்டது. அதே வேலையைச் செய்த செங்குன்றத்துக்கும் கொக்கலவுக்கும் அப்படியோர் இசை எழுதப்படவில்லை.

முன்னும் பின்னும்

வானூர்தி வரலாற்றுக்கு முழு ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுதும் முயற்சி வாகன் வில்லியம்ஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அலெக்சாண்டர் கோர்டா 1930களில் தயாரித்த 'கான்க்வெஸ்ட் ஆஃப் தி ஏர்' படத்துக்கு ஆர்தர் பிளிஸ் இசையமைத்தார். 1941இல் கிரவுன் யூனிட் எடுத்த 'டார்கெட் ஃபார் டுநைட்', குண்டுவீச்சு விமானம் ஒன்றின் ஓர் இரவுப் பயணம். இசை லைட்டன் லூகாஸ். 1976இல் வாஷிங்டனின் வான், விண்வெளி அருங்காட்சியகத்துக்காக ஐமாக்ஸ் திரையில் வந்த 'டு ஃப்ளை' படத்துக்கு பெர்னார்டோ செகால் எழுதினார்.

2015இல் பிரையன் டெர்வில்லிகர் இயக்கிய 'லிவிங் இன் தி ஏஜ் ஆஃப் ஏர்ப்ளேன்ஸ்' ஹாரிசன் ஃபோர்டின் குரலில், ஏழு கண்டங்களில் எடுத்த காட்சிகளோடு வந்தது. 'டைட்டானிக்' புகழ் ஜேம்ஸ் ஹார்னர் அதற்கு இசை. ஹார்னரே ஒரு விமானி. அதே ஆண்டு ஜூன் 22ஆம் தேதி, தனியாக ஓட்டிச் சென்ற சிறிய விமானம் விழுந்து அவர் இறந்தார். ஒலிப்பட்டையின் நெருக்கடி அவர் காலத்தில் இல்லை. இன்ஜினை எங்கே ஒலிக்க விடுவது, எங்கே இசைக்கு வழி விடுவது என்ற தீர்மானம் மட்டும் மாறவில்லை.

இந்தியாவில்

பிரிட்டிஷ் ஆவணப்பட மரபு இந்தியாவுக்கும் வந்தது. 1943இல் இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியது; விடுதலைக்குப் பின் 1948இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் உருவானது. புல்லாங்குழல் கலைஞர் விஜய் ராகவ ராவ் அதன் படங்கள் பலவற்றுக்கு இசையமைத்து, இந்தியக் கருவிகளால் ஆவணப்படத்துக்கு எப்படி எழுதலாம் என்று காட்டினார்.

தமிழில் வானூர்திக் கதைக்கு எழுதிய பின்னணி இசைக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரம் 'சூரரைப் போற்று' படத்துக்கு வந்தது. ஏர் டெக்கான் நிறுவனர் கோபிநாத்தின் வாழ்வைத் தழுவி சுதா கொங்கரா 2020இல் இயக்கிய இந்தப் படத்தின் பின்னணி இசைக்காக ஜி. வி. பிரகாஷ் குமார் தேசிய விருது பெற்றார். ஆனால் அது கதைப்படம். ஆவணப்படத்துக்கான பொருளும் கொங்கு நாட்டிலேயே கிடக்கிறது. திருமுருகன்பூண்டிக்குத் தென்மேற்கே உள்ள சூலூர்ப் படைத்தளத்துக்கு 2018இல் தேஜஸ் விமானங்களின் முதல் ஸ்குவாட்ரன் வந்தது. 2020இல் இரண்டாவது ஸ்குவாட்ரன் அங்கேயே தொடங்கியது. தேஜஸின் ஜெட் ஒலி தாழ்வும் உச்சமுமாக எல்லா எல்லைகளிலும் பரவுவது. அதற்கு மேலே ஏறி ஒலிக்க வயலினுக்கும் இடம் இராது. அதனால் அங்கே இசைக்கு உரிய இடம் விமானம் கடந்துபோன பின் வரும் அமைதியும், தரையில் பழுதுபார்ப்பவர்கள் காத்திருக்கும் நேரமும்தான்.

படத்துக்குப் பிறகு

'கோஸ்டல் கமாண்ட்' இசையை மாத்தீசன் அந்த ஆண்டிலேயே கச்சேரித் தொகுப்பாக்கினார். வாகன் வில்லியம்ஸ் தொடர்ந்து படங்களுக்கு எழுதினார். 'ஸ்காட் ஆஃப் தி அண்டார்டிக்' படத்துக்கு எழுதிய இசையிலிருந்து அவருடைய ஏழாவது சிம்பொனி பிறந்து, 1953 ஜனவரியில் மான்செஸ்டரில் அரங்கேறியது. 'கோஸ்டல் கமாண்ட்' தொகுப்பின் விரிவான வடிவம் பிற்காலத்தில் ஆண்ட்ரூ பென்னி, ரூமன் கம்பா ஆகியோர் நடத்திய ஒலிப்பதிவுகளாகக் கிடைக்கிறது. இன்ஜின் சத்தமோ விளக்கக் குரலோ இல்லாமல் இந்த இசை தனித்தே நிற்கிறது. ஒவ்வோர் அசைவுக்கும் புள்ளி வைத்து எழுதிய இசை, படத்தைப் பிரித்ததும் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். காட்சியின் உணர்வு முழுவதையும் ஏற்று எழுதியதால் இது முழுமையாக நிற்கிறது.

(தொடரும்)