ஐம்பது செல்லும் ஒரு சீக்காளியும்

காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஹைட்ரஜன் இனி அயலூர்ப் பேச்சில்லை. இதே மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய், 2024 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த 6,180 கோடி ரூபாயில் 180 கோடியைச் சென்னை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்த ஹைட்ரஜன் மையத்துக்கென்று சொன்னது. மத்திய அரசின் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 19,744 கோடி. அதில் ஆராய்ச்சிக்கு 400 கோடி, நூற்றுக்கு இரண்டு. தரமணியில் ஏ.ஆர்.சி.ஐ.யின் ஃபியூயல் செல் மையம் போன்ற இடங்களில் கோடிகளை அளப்பதில்லை, மில்லிவோல்ட்டை அளக்கிறார்கள்.

கணக்குக்கு ஓர் ஃபியூயல் செல் அடுக்கு: 50 செல், 40 ஆம்பியர். சுமை ஏறியபின் ஒரு செல் தருவது 0.66 வோல்ட். மொத்தம் 33 வோல்ட், 1,320 வாட். ஒரு ஆம்பியருக்கு ஒரு செல் நிமிடத்துக்கு 7 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் குடிக்கும். ஆக நிமிடத்துக்கு 14 லிட்டர், மணிக்கு 75 கிராம். 150 பாரில் நிரப்பிய 47 லிட்டர் சிலிண்டர் எட்டு மணி நேரம்கூடத் தாங்காது.

இப்போது ஒரு செல்லில் தண்ணீர் தேங்கி 0.10 வோல்ட்டுக்கு விழுகிறது. மொத்தம் 32.44. குறைவு 1.7 சதவீதம்தான், சுமை சற்று ஆடினாலே அவ்வளவு மாறும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி கண்ணுக்குச் சேலையிலேயே தெரியும்; இங்கே கூட்டுத்தொகை அதை மூடிவிடும். அந்தச் செல்லுக்கு ஹைட்ரஜன் போதாமல் மின்னழுத்தம் தலைகீழானால், அதன் கார்பனே அரிக்கத் தொடங்கும். அதனால்தான் 50 செல்லுக்கும் தனித்தனியாக அளக்க 50 சேனல்.

செலவு ஏறும் இடமும் இதுதான். சாதாரண 16 பிட் அளவீட்டுக் கார்டு ±10 வோல்ட் எல்லையில் 0.3 மில்லிவோல்ட் வரை பிரித்துக் காட்டும், நுணுக்கத்தில் குறையில்லை. ஆனால் கீழிருந்து எண்ணினால் பதினைந்தாவது செல்லோடு அதன் எல்லை முடிகிறது. சுமையில்லாதபோது செல்லுக்கு ஒரு வோல்ட் நெருங்குவதால் பத்தாவதிலேயே முடியும். மேலே உள்ளவை 0.66 வோல்ட்டைத் தரையிலிருந்து 30 வோல்ட் உயரத்தில் வைத்திருக்கின்றன. மின்தடை வைத்து ஐந்தில் ஒன்றாக்கலாம், மலிவான வழி. 0.1 சதவீதத் தடைகளே போட்டாலும் உச்சிச் செல்லின் ஒரு முனையிலேயே 50 மில்லிவோல்ட் வரை பிசகலாம். திருத்திக்கொள்ளலாம் என்பார்கள், வெப்பம் ஏறினால் திருத்தமும் நகரும். சேனலுக்குச் சேனல் மின்காப்புள்ள கருவியே சரி என்பது என் கட்சி. கொட்டேஷனில் வினாடிக்கு எத்தனை லட்சம் அளவு என்ற வரியைவிட, தரையிலிருந்து எத்தனை வோல்ட் தாங்கும் என்ற வரியை முதலில் படியுங்கள். செல்லின் உள் மின்தடையைத் துருவிப் பார்க்க ஒன்றிரண்டு வேகமான சேனல் போதும்.

மற்றவை சில்லறை: மொத்த வோல்ட், ஆம்பியர், 6 வெப்பநிலை, 4 அழுத்தம், 2 ஓட்டம், 2 ஈரப்பதம். கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட்தான் தரும் என்பதால் அதன் கம்பியை மட்டும் மின்சுமைக் கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கூட்டினால் 66 சேனல். வினாடிக்கு ஒருமுறை, எண்ணுக்கு 8 பைட்: நாளைக்கு 46 மெகாபைட். கார்களுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த ஆயுள் இலக்குகளில் ஒன்று 5,000 மணி. அவ்வளவு நேரம் ஓட்டினாலும் பதிவு 9.5 கிகாபைட், ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். அதற்குள் செலவாகியிருக்கும் ஹைட்ரஜன் 376 கிலோ.