கேம்ப் நெல்சன்: வீரனுக்கு விடுதலை, குடும்பத்துக்கு இல்லை
கென்டக்கி, அமெரிக்கா | 1863–1866

உள்நாட்டுப் போரில் கென்டக்கி ஒன்றியத்தை விட்டுப் பிரியவில்லை. அதனால், பிரிந்த மாநிலங்களுக்கான 1863-ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனம் இம்மாநில அடிமைகளுக்குப் பொருந்தவில்லை. படையில் சேர்வதே விடுதலைக்கு வழியானது. 1864 முதல் 10,000-க்கும் மேற்பட்ட கறுப்பின ஆண்கள் கேம்ப் நெல்சன் ராணுவ முகாமில் படையில் சேர்ந்தனர்.

உடன் வந்த மனைவி மக்கள் சட்டப்படி அடிமைகளாகவே நீடித்தனர். 1864 நவம்பரின் கடுங்குளிரில், முகாம் தளபதி ஸ்பீட் ஃப்ரையின் உத்தரவுப்படி சுமார் 400 பெண்களும் குழந்தைகளும் வெளியேற்றப்பட்டனர், குடிசைகள் அழிக்கப்பட்டன. 102 பேர் மாண்டனர்.

வீரர் ஜோசப் மில்லரின் நோயுற்ற ஏழு வயது மகனும் அவர்களில் ஒருவன். மகனைத் தம் கையாலேயே குழி தோண்டிப் புதைத்த மில்லர், நடந்ததைச் சத்தியம் செய்து வாக்குமூலமாக அளித்தார். இத்தகைய சாட்சியங்கள் நாட்டை உலுக்கின. ராணுவம் பணிந்து, அகதிக் குடும்பங்களுக்கு இங்கேயே ஓர் இல்லம் அமைத்தது.

1865 மார்ச் 3 அன்று, கறுப்பின வீரர்களின் மனைவி மக்களுக்கு விடுதலை அளிக்கும் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்பே மில்லரும் அவர் குடும்பத்தினர் அனைவரும் இறந்துவிட்டனர்.

பிழைத்த குடும்பங்கள் சில இங்கேயே தங்கி உருவாக்கிய குடியிருப்பு, இன்று ஹால் என்ற ஊராக நிலைத்திருக்கிறது.