டைபாய்டு கிருமியின் ‘அடையாள அட்டை’யையே மாற்றும் வைரஸ்!

சுருளிப்பட்டியில் ஒருவருக்கு டைபாய்டு. சுருளி அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்பிய மதுரைக்காரர் ஒருவருக்கும் டைபாய்டு. ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே தண்ணீரிலிருந்து வந்ததா? இதைச் சொல்ல, ‘சால்மோனெல்லா டைஃபி’ என்ற கிருமியின் பெயர் மட்டும் போதாது. அதன் உட்பிரிவும் தெரிய வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

பாக்டீரியாவையும் தாக்கும் வைரஸ்கள் உண்டு. அவற்றுக்கு ‘ஃபேஜ்’ என்று பெயர். கிருமியைத் தட்டில் வளர்த்து, வெவ்வேறு ஃபேஜ்களை ஒவ்வொரு சொட்டு விடுவார்கள். எந்தச் சொட்டு கிருமியை அழிக்கிறதோ, அங்கே தெளிவான வட்டம் விழும். எந்தெந்தச் சொட்டில் வட்டம் விழுந்தது என்பதுதான் அந்தக் கிருமியின் அடையாள அட்டை. டைபாய்டுக்கான இந்த முறையை 1938-ல் கனடாவில் கிரெய்கி, யென் இருவரும் உருவாக்கினர். இந்தியாவில் இதற்கான தேசிய மையம் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் செயல்பட்டது. ஏ, இ1, ஓ ஆகியவை இங்கே அடிக்கடி தென்பட்ட வகைகள்.

சிக்கல் எங்கே?

எல்லா ஃபேஜும் கிருமியைக் கொல்வதில்லை. சில, கிருமியின் டி.என்.ஏ-வுக்குள்ளேயே சத்தமில்லாமல் குடியேறிவிடும். கிருமி பெருகும்போது அதுவும் சேர்ந்து பெருகும். வீட்டுக்குள் புகுந்தவர் கதவைத் தாழ்போட்ட கதைதான். வெளியிலிருந்து வரும் வேறு சில ஃபேஜ்களை அது பெருக விடாது. நேற்று வரை விழுந்த வட்டம் இன்று விழாது. கிருமி அதேதான், ஆனால் ரிப்போர்ட்டில் வேறு வகை! ஃபெலிக்ஸ், ஆண்டர்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1950-களின் தொடக்கத்திலேயே டைபாய்டு கிருமியில் இதைக் காட்டிவிட்டார்கள்.

இதனால என்ன ஆகும்?

ரிப்போர்ட்டில் வகை வேறு என்று வந்தால், ‘இருவருக்கும் சம்பந்தமில்லை’ என விசாரணை முடிந்துவிடலாம். நோய் பரப்பிய தண்ணீர்த் தொட்டி தப்பித்துவிடும். மறுபக்கம், இருவருக்குமே பரவலான இ1 வகை என்று வந்தாலும், அதை மட்டும் வைத்து ஒரே தொட்டியைக் கைகாட்ட முடியாது.

இப்போது கிருமியின் முழு மரபணுத் தொடரையும் படிக்க முடிகிறது. உள்ளே குடியேறிய வைரஸ் எது, கிருமியின் சொந்த மரபணு எது என்று பிரித்துப் பார்த்துவிடலாம். ஆனாலும் யார், எங்கே, எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. ஆய்வக ரிப்போர்ட்டும் அந்த விசாரணையும் ஒத்துப்போனால்தான் நோய் வந்த வழி உறுதியாகும்.