வலை கிழிந்தால் தைக்கலாம்

டாலிகஞ்சிலிருந்து பெரிய சாலையில் கராச்சரமா வழியாகப் போனால் சிப்பிகாட் வரும். சாலையின் ஓரத்தில் அகலமான நீர்ப்பரப்பு தெரியும். புதிதாக வருபவர் அதை ஏரி என்று நினைப்பார். அது ஏரி அல்ல. ஒரு காலத்தில் அங்கே நெல் விளைந்தது.

2004 டிசம்பர் 26 அன்று பெரிய நிலநடுக்கம் வந்தது. சுனாமி அலை வந்தது. அன்று தெற்கு அந்தமானின் தரையே சுமார் 1 மீட்டர் தாழ்ந்துவிட்டது. கடல்நீர் கழிகளின் வழியாக வயலுக்குள் புகுந்தது. வந்த நீர் திரும்பிப் போகவில்லை. நெல் இருந்த இடத்தில் மீன் வந்தது. மீனைத் தேடி மனிதர் வந்தார். முதலையும் வந்தது.

நம் தீவுகளில் பெரிய ஆறுகள் குறைவு. வடக்கு அந்தமானில் திக்லிபூர் பக்கம் கல்போங் ஆறு ஓடுகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் உப்பங்கழிகளே உள்ளன. அவற்றை நாம் 'கிரீக்' என்கிறோம். கடல் ஏறும்போது கிரீக்கில் நீர் உள்ளே வரும். கடல் வற்றும்போது நீர் வெளியே ஓடும். இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் நிற்கும். அந்த வேர்களுக்கு இடையே கொடுவா, மடவை, கெளுத்தி, நண்டு எல்லாம் வாழும்.

கிரீக்கில் மீன் பிடிப்பவருக்கு இரண்டு கவலைகள். ஒன்று, வலையும் படகும் கெட்டுப் போவது. மற்றொன்று, உடம்புக்கும் உயிருக்கும் ஆபத்து வருவது. இவை இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. கெட்டுப்போன பொருளைக் காப்பாற்றப் போகும்போதுதான் பல விபத்துகள் நடக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

வலை ஏன் கிழிகிறது?

அலையாத்தி வேர்கள் நீருக்குள் வளைந்து நிற்கும். வலை அதில் மாட்டும். மூழ்கிய வயல்களில் வேறு தடைகளும் உண்டு. பழைய வரப்பு, பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை, வேலிக்கம்பு ஆகியவை நீருக்கு அடியில் மறைந்து கிடக்கும்.

நண்டு தன் கொடுக்கினால் நூலை அறுக்கும். வலையில் சிக்கிய மீன் துடிக்கும். அந்தத் துடிப்பு முதலையை இழுக்கும். முதலை மீனை மட்டும் பிரித்து எடுக்காது. வலையோடு சேர்த்துக் கவ்வும்.

வெயிலும் வலைக்குப் பகை. நைலான் நூல் மழையில் அழுகாது. ஆனால் நாள் கணக்கில் வெயிலில் கிடந்தால் அதன் பலம் குறையும். பார்க்க நன்றாக இருக்கும். இழுத்தால் அறும். ஆகவே வலையை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நிழலில் உலர்த்துங்கள். எலி வராத இடத்தில் தொங்கவிடுங்கள்.

ஆபத்தான நேரம் எது?

வலை மாட்டிக்கொண்டது. தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கிறது. கை எட்டும் தூரத்தில் வேர் தெரிகிறது. ஒருவர் என்ன செய்வார்? இறங்கிவிடுவார். அதுதான் மிக ஆபத்தான நேரம்.

நம் கிரீக்குகளில் இருப்பது உவர்நீர் முதலை. உலகில் உள்ள முதலைகளில் இதுவே பெரியது. ஆண் முதலை 5 மீட்டருக்கு மேலும் வளரும். கலங்கிய நீரில் கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும்படி அசையாமல் கிடக்கும். முழுதும் மூழ்கினால் நீண்ட நேரம் மூச்சை அடக்கி இருக்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. 'முதலை கண்ணில் படவில்லை' என்றால் 'முதலை இல்லை' என்று பொருள் அல்ல.

மாலையிலும் இரவிலும் இது அதிகமாக இரை தேடும். மழைக்காலத்தில் பெண் முதலை கரையில் இலை தழைகளைக் குவித்து முட்டை இடும். அந்தக் குவியலுக்கு அருகில் யார் போனாலும் பாய்ந்து வரும்.

இந்த முதலை கடலிலும் நீந்தும். 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவில், ராதாநகர் கடற்கரைப் பக்கம், ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. அந்தத் தீவுக்கு 2018 முதல் சுவராஜ் தீவு என்று பெயர். அலை அடிக்கும் கடலிலேயே அப்படி என்றால், கிரீக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலையைக் கொன்றுவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடை செய்கிறது. ஒரு காலத்தில் தோலுக்காக வேட்டையாடி இந்த இனத்தையே குறைத்துவிட்டார்கள். அதனால்தான் சட்டம் கடுமையாக உள்ளது. முதலையைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கரையில் ஒரு பேச்சு

இப்படி ஒரு பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"அண்ணே, வலை வேருல மாட்டிக்கிச்சு. இடுப்பளவு தண்ணிதான். இறங்கி எடுத்துடட்டுமா?"

"வேணாம் தம்பி. படகிலேயே இரு."

"புது வலைண்ணே. கடன் வாங்கி வாங்கினது."

"தெரியும்ப்பா. தண்ணி இப்போ எந்தப் பக்கம் ஓடுது?"

"கடல் பக்கம்."

"வத்தம் முடியட்டும். ஏத்தம் தொடங்கினா தண்ணி இந்தப் பக்கம் தள்ளும். வலை தளரும். அப்போ எதிர்ப்பக்கமா போய் மெதுவா இழு."

"அதுக்குள்ளே இருட்டிடுமே?"

"அப்போ ஒரு மிதவையைக் கட்டி விட்டுட்டு வா. நாளைக்கு வெளிச்சத்துல வந்து பாப்போம். அப்பவும் வரலைன்னா மாட்டின துண்டை மட்டும் அறுத்துடலாம். மீதி வலை வரும். ரெண்டு பேருமா உட்கார்ந்து தைச்சுடலாம்."

பெரியவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் கடலில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும். இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம். மறுநாள் இது சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம். அப்போது நீரோட்டமும் வேகமாக இருக்கும். இந்தக் கணக்கு தெரிந்தவர் தண்ணீரோடு மல்லுக்கட்ட மாட்டார். தண்ணீரையே வேலை செய்ய வைப்பார்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு வலையின் விலை 3000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு அறுந்து போனது. நட்டம் 300 ரூபாய். தைப்பதற்கு இரண்டு நாள் வேலை கெடும். இவ்வளவுதான். இதற்காக இடுப்பளவு தண்ணீரில் இறங்குவது சரியா?

அறுந்த துண்டை அப்படியே விட்டுவிடவும் கூடாது. நைலான் மட்காது. ஆளில்லாமலே மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். நீர் வற்றிய பகல் நேரத்தில், படகில் இருந்தபடியே கொக்கி கட்டிய நீண்ட மூங்கில் கழியால் இழுத்து எடுங்கள்.

மாட்டிய வலையை எஞ்சின் பலத்தால் இழுக்க வேண்டாம். கயிறு படகின் பக்கத்தை அமுக்கும். நீர் உள்ளே வரும். படகு கவிழும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். திடீரென இழுத்தால் விரல் போகும், ஆளும் போவார்.

நங்கூரம் நழுவினால்?

2006 ஜனவரியில் நடந்தது இது. இரண்டு மீனவர்கள் நண்டு பிடிக்க வடக்கு சென்டினல் தீவின் பக்கம் போனார்கள். இரவில் படகை நிறுத்தித் தூங்கினார்கள். கயிற்றில் கட்டிய கல்லே அவர்களுடைய நங்கூரம். அது பிடித்து நிற்கவில்லை. தூக்கத்திலேயே படகு மிதந்து தீவின் கரைக்குப் போனது. அந்தத் தீவின் மக்கள் வெளியாரை ஏற்பதில்லை. இருவரும் கொல்லப்பட்டார்கள்.

அந்தத் தீவின் அருகே போவதே சட்டப்படி தடை. அங்கே வாழ்பவர்கள் தங்கள் இடத்தைக் காத்துக்கொள்கிறார்கள். வெளியார் கொண்டு வரும் நோயைத் தாங்கும் சக்தியும் அவர்களுக்கு இல்லை. ஜாரவா மக்களின் காப்புப் பகுதியில் உள்ள கிரீக்குகளுக்குள் போவதும் குற்றமே. ஆகவே முதலில், போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் இருப்போம்.

இரண்டாவது பாடம் நங்கூரம் பற்றியது. வெறும் கல் சேற்றிலும் மணலிலும் வழுக்கும். கொம்புள்ள இரும்பு நங்கூரம் தரையைக் கவ்வும். ஆனால் கயிறு குட்டையாக இருந்தால் அதுவும் பிடிக்காது. கயிறு நேர் மேலே இழுத்தால் நங்கூரம் கிளம்பிவிடும். கயிறு நீளமாகச் சாய்ந்து கிடந்தால்தான் கொம்பு மண்ணுக்குள் இறங்கும். ஆழத்தைப் போல் 5 மடங்கு கயிறு விடுங்கள். ஆழம் 4 மீட்டர் என்றால் கயிறு 20 மீட்டர். நீர் ஏறும்போது ஆழமும் கூடும். அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கயிற்றைப் படகின் முன்பக்கம் கட்டுங்கள். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறும். இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டாம்.

எஞ்சின் நின்றுவிட்டால்?

படகு எஞ்சின் நீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்த நீர் ஒரு சிறு துளை வழியாக வெளியே பீய்ச்சும். அது நின்றுவிட்டதா என்று அடிக்கடி பாருங்கள். நின்றால், சேறோ பாலித்தீன் பையோ அடைத்திருக்கும். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டே போனால் உள்ளே உருகிக் கெட்டுவிடும். பெரிய செலவு வரும்.

விசிறியில் கயிறோ வலையோ சுற்றினாலும் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். எஞ்சினை மேலே சாய்த்து, படகுக்குள் இருந்தபடியே எடுங்கள். அதற்காகவும் நீரில் இறங்க வேண்டாம். கரைக்கு வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிடுங்கள். உப்பு தங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். துடுப்பு எப்போதும் படகில் இருக்கட்டும்.

கரைக்கு வந்த பிறகு

மீனை எங்கே கழுவுகிறீர்கள்? குடலையும் செதிலையும் எங்கே வீசுகிறீர்கள்? தினமும் ஒரே படித்துறையில் வீசினால் முதலை அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளும். அதே நேரத்துக்கு வந்து காத்திருக்கும். மறுநாள் அங்கே துணி துவைக்க வருபவர் நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். கழிவை மேட்டில் குழி தோண்டிப் புதையுங்கள். நீர் மொள்ள வேண்டும் என்றால் கரையில் இருந்து தள்ளி நின்று, நீண்ட கழியில் கட்டிய வாளியால் மொள்ளுங்கள்.

காயம் பட்டால்

கெளுத்தியின் முள்ளிலும் திருக்கையின் முள்ளிலும் விஷம் உண்டு. குத்தினால் வலி உயிரைப் பிடுங்கும். குத்திய இடத்தைப் பொறுக்கும் அளவு சூடான நீரில் வைத்திருங்கள். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். சூடு வலியைக் குறைக்கும். தோல் வெந்துவிடக் கூடாது. காயம் படாத கையால் சூட்டைச் சோதியுங்கள். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். மார்பிலோ வயிற்றிலோ முள் குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். அப்படியே கொண்டு போங்கள்.

தூண்டில் முள் ஆழமாக ஏறினால் பின்னால் இழுக்காதீர்கள். அதன் எதிர்க்கொக்கி சதையைக் கிழிக்கும். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். முதலைப் பல் பட்ட காயம் சிறிதானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் சீழ் எளிதில் பிடிக்கும். தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

அவசர உதவிக்கு 112. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்யுங்கள். செல்போனை நீர் புகாத பையில் வையுங்கள்.

எழுத்து நமக்கு உதவும்

உரிமம், படகின் பதிவு எண், மீனவர் அடையாள அட்டை ஆகியவற்றைப் புதுப்பித்து வைத்திருக்கிறீர்களா? 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்கு விபத்துக் காப்பீடு சேர்க்கப்பட்டது. விபத்தில் இறந்தாலோ, முழுதும் நிரந்தரமாக முடங்கினாலோ 5 லட்சம் ரூபாய் என்று அதில் வகுத்தார்கள். பெயர் பதிவானவருக்கே இப்படிப்பட்ட உதவி கிடைக்கும். உங்கள் பெயர் பட்டியலில் உள்ளதா? மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

இனி, மீன் பிடிக்கக் கிளம்பும்போது ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதுங்கள்.

1. எந்தக் கிரீக்குக்குப் போகிறோம்?
2. யார் யார் போகிறோம்?
3. படகின் எண் என்ன?
4. எத்தனை மணிக்குத் திரும்புவோம்?

தாளை வீட்டில் உள்ளவரிடம் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வராவிட்டால், எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியும்.