நான்கு மீட்டர் சிகரம்

காவிரிப் படுகைக்காரர்களுக்கு மலை என்பது அடுத்த மாவட்டத்துச் சமாச்சாரம். காட்டுக்குள் நடந்து, பாறை ஏறி, உச்சியில் காற்று வாங்கி, அருவியில் தலையை நனைத்துவிட்டு வர வேண்டுமென்றால் கொல்லிமலை ஆகாய கங்கைக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கிழக்கே கடல்வரை போனாலும் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எல்லாம் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடல் திருப்பித் தள்ளிய மணல். ஆனாலும் கரை சட்டென்று மேற்கே திரும்புகிற மூலையில், கோடியக்கரைக் காட்டுக்குள் ஓர் உச்சி இருக்கிறது. பெயர் ராமர் பாதம். கடல்மட்டத்திலிருந்து உயரம் சுமார் 4 மீட்டர்.

சிரிக்க வேண்டாம். மலையேறுகிறவர்கள் ஆயிரம் மீட்டரில் பார்க்கிற தாவர மாற்றத்தை இங்கே இரண்டு மூன்று மீட்டருக்குள் பார்த்துவிடலாம். சதுப்பு ஓரத்தில் உமரிச் செடிதான் ராஜா. உப்பைத் தண்டிலேயே சேர்த்துவைத்துக்கொண்டு பிழைக்கிற செடி அது. ஒரு சாண் உயர்ந்தால் புல்வெளி. முறுக்குக் கொம்பும் கறுப்பு முதுகுமாக வெளிமான் ஆண்கள் நிற்பதும், என்றோ வீட்டில் வளர்ந்து இன்று காட்டுக்குச் சொந்தமாகிவிட்ட மட்டக்குதிரைகள் மேய்வதும் இங்கேதான். வெளிமானுக்குப் பேர்போன இந்தக் காடு 1967இல் சரணாலயமானது. 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டின் முதல் ஈரநிலம் இதுவே.

இன்னும் ஒரு முழம் ஏறி மணல்மேட்டுக்கு வந்தால் காடு கவிந்துகொள்கிறது. முக்கால்வாசி பாலைமரம்தான். கரடுமுரடான பட்டை; கிள்ளினால் பால் வடியும் இலை. அந்த இலையை ஒன்று பறித்துப் பார்த்தால் கதை புரியும்: தோல் மாதிரி தடிப்பு, மேலே மெழுகுப் பளபளப்பு, நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. மழையெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் உப்புக்காற்றும் வெயிலும். அப்படியும் இலையை மொத்தமாக உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கிற இந்த வகைக் காட்டுக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். சோழமண்டலக் கரையோரம் கோயில்காடுகளாகத் துண்டு துண்டாக மிஞ்சியிருப்பதும் இதே காட்டின் மிச்சம்தான்.

உச்சியில் ஒரு கல், அதில் இரண்டு பாதச் சுவடுகள். இங்கே நின்றுதான் ராமர் இலங்கையை நோட்டம் விட்டார் என்பது ஐதீகம். சுற்றிலும் மணல் என்பதால் அந்தக் கல்லும் வெளியூரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். 4 மீட்டர் மேட்டில் ஆள் நின்று பார்த்தால் தொடுவானம் எட்டரைக் கிலோமீட்டர் தூரத்தில் முடிந்துவிடும். இலங்கைக் கரையோ சுமார் 48 கிலோமீட்டர். பூமியின் வளைவைத் தாண்டி அந்தக் கரையைப் பார்க்க 180 மீட்டர் உயரமாவது வேண்டும். கண் எட்டாத இடத்தை மரம் எட்டியிருக்கிறது: இலங்கையின் வன்னிக் காடுகளிலும் இதே பாலைமரம்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் போலத் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது நடந்து கடக்கிற தரை.

அந்தப் பனியுகம் முடிந்து கடல் ஏறி வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியபோது அலை சேர்த்த மணலைக் காற்று மேடாக்கியது. கடல் நகர நகர, மேட்டுக்கு முன்னால் அடுத்த மேடு. வேதாரண்யத்துக்கு மேற்கிலும் வடக்கிலும் வரிசையாகக் கிடக்கிற மணல்மேடுகள் கடலின் பழைய கரைகள்தான்.

சரி, அருவி எங்கே? மண்ணுக்குள். மழை பாறையில் விழுந்தால் வழிந்தோடும். மணலில் விழுந்தால் நேரே கீழே இறங்கும். அடியில் கடலின் உப்புநீர் ஊறிக் கிடக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் 1,025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தால் மழைநீர் உப்புநீரோடு எளிதில் கலக்காமல் அதன்மேல் மிதக்கிறது, பாரம் ஏற்றிய தோணிபோலப் பெரும்பகுதி அமிழ்ந்தபடி. நெதர்லாந்து ராணுவப் பொறியாளர் பாடோன் கீபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே இதற்குக் கணக்குப் போட்டார்கள். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் இறங்கியிருக்கும். இது ஏட்டுக் கணக்கு. களிமண் படுகையும் இடையில் நீர் கலக்கும் பட்டையும் வந்து குறைத்துவிடும். ஆனால் விகிதம் விகிதம்தான். பள்ளத்தில் நிற்கிற உமரிக்கு உப்பும், மேட்டில் நிற்கிற பாலைக்கு நல்ல தண்ணீரும் வாய்த்த ரகசியம் இதில் இருக்கிறது.

வேதாரண்யத்து மணல்காட்டில் புகையிலையும் முல்லையும் வளர்ப்பவர்களுக்குக் கீபனைத் தெரியாது, கணக்கு தெரியும். மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணி, ஆழம் போனால் உப்பு. ஆழ்குழாயும் மோட்டாரும் போட்டு இறைத்தால் அதே 40 எதிர்த்திசையில் வேலை செய்கிறது: நன்னீர்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால் உப்பு 40 மீட்டர்வரை மேலே ஏறப் பார்க்கும். மேட்டை வெட்டி மனையாக்குவதிலும் இதே நஷ்டம். லாரியில் போவது மணல் மட்டும் இல்லை. நான்கு மீட்டர்தானே என்கிறவர்கள் இந்த 40ஐச் சேர்த்துக்கொண்டு பேசினால் நல்லது.

2004 சுனாமி மேலேயிருந்து உப்பைக் கொட்டியது. இந்தக் கரையில் கிணறுகள் கரித்தன. அடுத்தடுத்த மழைதான் அவற்றைக் கழுவியது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல், மரங்களையே சாய்த்தது. பாலை மெல்ல வளர்கிற மரம். காலியான இடத்தில் சீமைக் கருவேலம் முந்திக்கொள்ளும்; அதன் காயைத் தின்கிற கால்நடைகளே விதையைக் காடெங்கும் பரப்பிவிடுகின்றன. மிதக்கிற அந்தத் தண்ணீரில் சீமைக் கருவேலத்தின் வேருக்கும் பங்கு போகிறது.