துப்பாக்கியின் பின்னுதையும் அதனைத் தாங்கும் முறையும்

பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளுள் சிலர், சுடுங்கால் அது தோளில் உதைப்பதைத் துப்பாக்கியின் குற்றமெனக் கருதுகின்றனர். அஃது இயற்கை விதியேயன்றிக் குற்றமன்று. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டென்பதை நியூட்டன் என்னும் அறிஞர் 1687-ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார்.

12 போர் துப்பாக்கியின் சாதாரணத் தோட்டா ஒன்றில் சுமார் 32 கிராம் ரவை உண்டு. மருந்து எரிவதால் உண்டாகும் வாயு, அந்த ரவையை வினாடிக்கு ஏறக்குறைய 365 மீட்டர் வேகத்தில் முன்னே செலுத்துகிறது. அதே சமயத்தில் 3 கிலோ எடையுள்ள துப்பாக்கி, வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளப்படுகிறது. துப்பாக்கியின் எடை மிகுந்தால் உதை குறையும். தோட்டாவில் ரவை மிகுந்தால் உதை கூடும்.

உதையினால் உண்டாகும் நோவைக் காட்டிலும், அதற்கு அஞ்சுவதால் விளையும் கேடே பெரிது. அஞ்சியவர் கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென இழுப்பார். குழல் நிலை பெயர, ரவை குறி தவறி அயல்வயலிலுள்ள ஆளையோ மாட்டையோ தாக்கக்கூடும். ஆகையால் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் அவசியம்.

1. கட்டையின் அடியைப் புயத்தின்மீது வையாது, கழுத்தெலும்பிற்குக் கீழுள்ள தோட்குழியில் இடைவெளியின்றிப் பதித்தல் வேண்டும். இடைவெளி இருப்பின் துப்பாக்கி தோளை அடிக்கும்; பதிந்திருப்பின் உடலைத் தள்ளுவதோடு அமையும்.

2. வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்காலை முன்வைத்து, உடற்பாரத்தை அதன்மீது சற்றுச் சாய்த்து நிற்றல் வேண்டும். கன்னம் கட்டையோடு பொருந்தியிருத்தல் நலம்.

3. கட்டையின் அடியில் ரப்பர் மெத்தை பொருத்தினால் உதையின் கடுமை தணியும்.

4. இரட்டைக்குழல் துப்பாக்கியின் இரு விசைகளையும் ஒருங்கே இழுத்தல் கூடாது.

வழக்கத்திற்கு மாறாக உதை கடுமையாயின், சுடுவதை உடனே நிறுத்துக. பழைய துப்பாக்கிகளுள் சில 2½ அங்குலத் தோட்டாவிற்கென அமைந்தவை. அவற்றுள் 2¾ அங்குலத் தோட்டா நுழைந்துவிடினும், வெடிக்குங்கால் அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும், குழலும் வெடிக்கக்கூடும். ஆதலின் குழலிற் பொறித்துள்ள அளவைப் பார்த்தே தோட்டா வாங்குதல் வேண்டும்.

துப்பாக்கி லைசென்ஸ் ஒன்றினாலேயே காட்டுப்பன்றி முதலியவற்றைச் சுடும் உரிமை கிட்டாதென்பதையும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்குத் தனி அனுமதி வேண்டுமென்பதையும் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக.